கோடுகளுக்கு அப்பால் ஒரு மலை

மலைக்காட்சியைக் காட்டும் பென்சில் ஓவியம் ஒன்றைக் கண்டால், 'என்ன அழகு!' என்று வியந்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். அது ஒரு வரலாற்று ஆவணமும் ஆகும் என்பதை எண்ணுவதில்லை. ஓலைச்சுவடியைப் படிப்பது போலவே ஓவியத்தையும் படித்தல் வேண்டும்.

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் ஆங்கிலக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டில் தாமஸ் தானியேல் என்னும் ஆங்கில ஓவியரும், அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் அந்த மலைநாட்டின் வழியே பயணம் செய்தனர். எதிரே உள்ள காட்சியைத் தாள்மேல் விழச்செய்யும் வில்லை பொருத்திய பெட்டியொன்று அவர்களுக்குத் துணைசெய்தது. பென்சிலால் வரைந்தவை பின்னர் இலண்டனில் அச்சுப்படங்களாயின. 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்தம் 144 படங்களுள் பாரமகாலின் இராயக்கோட்டையும் ஜெகதேவியும் இடம்பெற்றுள்ளன.

இராயக்கோட்டை 1791-இல்தான் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. எனினும் படத்தில் மேலோங்கி நிற்பது போரின் துயரமன்று, பாறையின் பெருமிதமே. வில்லை பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கே நிற்பது, எதைக் காண்பது என்று தீர்மானித்தவர் ஓவியரே அன்றோ!

அருகில் உள்ளதை அழுத்தமாகவும், தொலைவில் உள்ளதை மெல்லிதாகவும் வரைவது பென்சிலின் இலக்கணம். சேலம் நகரில் நின்று வடக்கே நோக்கி வரைபவருக்குச் சேர்வராயன் மலை ஒரு மெல்லிய கோடுதான். அந்தக் கோட்டுக்குள் மலையாளி என்னும் பழங்குடியினர் தம் மலையை மூன்று நாடுகளாக வகுத்து வாழ்ந்தனர். 1,623 மீட்டர் உயர உச்சியில், குகைக்கோவிலில் உறையும் சேர்வராயனுக்கு மே மாதத்தில் விழா எடுத்தனர், இன்றும் எடுக்கின்றனர். அவர்களுக்கு மலை காட்சிப் பொருளன்று. தெய்வம் குடியிருக்கும் வீடு.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, ஏற்காடு கோடைவாசத்தலமாயிற்று. தொலைவிலிருந்து நோக்கிய கண்ணுக்கு வெறுங்காடாகத் தோன்றிய நிலம், அங்கே உழுது வாழ்ந்தவனுக்கு அவ்வாறு தோன்றியிருக்குமா?

ஆகவே மலை ஓவியம் ஒன்றைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். வரைந்தவர் எங்கே நின்றார்? யாருக்காக வரைந்தார்? கோடு படாமல் விட்ட இடத்தில் வாழ்ந்தவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை தாளில் இராது. அதற்கு மலையேறிச் சென்று, அங்குள்ள மக்களைத்தான் கேட்க வேண்டும்.