வெற்றிக்குப் பின் ஓர் அமைப்பு: மார்ச் ஆஃப் டைம்ஸ், 1955–1958

பொதுநலத் தொண்டு அமைப்புகளைப் பற்றிய சமூகவியல் நூல்களில் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கவென்றே 1938இல் தொடங்கப்பட்ட தேசிய இளம்பிள்ளை வாத அறக்கட்டளை (மக்கள் வாயில் அதன் பெயர் ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’), 1955இல் சாக் தடுப்பூசி வெற்றி பெற்றதும் செய்வதற்கு வேலையின்றி நின்றது. கடையைக் கட்டாமல், 1958இல் பிறவிக் குறைபாடுகளைப் புதிய இலக்காகக் கொண்டு உயிர் பிழைத்தது. இதற்குச் சான்றாக டேவிட் சில்ஸ் எழுதிய ‘தி வாலண்டியர்ஸ்’ நூலைக் காட்டுவது மரபு. ஆனால் அந்நூல் வெளிவந்தது 1957இல். அறக்கட்டளை தன் புதிய திட்டத்தை அறிவித்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆகவே சில்ஸ் சொன்னது முன்கணிப்பு. நடந்ததற்கான விளக்கம் அல்ல. முன்கணிப்பு பலித்துவிட்டதாலேயே அதை விளக்கமாகவும் எடுத்துக்கொண்ட பின்வந்தோர், 1955இல் உண்மையில் எது மாறியது என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிட்டனர்.

இக்கட்டுரையின் வாதம் இது: அமைப்பு புதிய இலக்கைத் தேடிக் கண்டடையவில்லை. கையிலிருந்த பணம் திரட்டும் ஏற்பாட்டுக்குப் பொருந்துகிற இலக்கையே அது தேர்ந்தது. அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாத பணி, அதாவது நோய் வந்து ஊனமுற்றவர்களின் நெடுநாள் பராமரிப்பு, கைநழுவியது.

அந்த ஏற்பாடு எப்படிப்பட்டது? அறக்கட்டளையை நிறுவியவர், தாமே 1921இல் இந்நோயால் நடக்கும் ஆற்றலை இழந்த அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அதை நடத்தியவர் அவருடைய வழக்கறிஞர் கூட்டாளி பேசில் ஓ'கானர். செல்வர்கள் சிலரிடம் பெருந்தொகை கேட்பதை விட்டுவிட்டு, கோடிக்கணக்கானோரிடம் ஆளுக்குப் பத்து சென்ட் கேட்பது என்று முடிவாயிற்று. 1938 ஜனவரியில் நகைச்சுவை நடிகர் எடி கேன்டர் வானொலியில் விடுத்த வேண்டுகோளுக்குப் பதிலாக வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்த பத்து சென்ட் நாணயங்கள் மட்டும் 26,80,000. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் முளைத்தன. 1950 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கிய ‘தாய்மார் அணிவகுப்பு’ இந்த உத்தியின் உச்சம். குறித்த மாலையில் எந்த வீட்டு வாசலில் விளக்கு எரிகிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டித் தாய்மார் நன்கொடை பெற்றனர். அண்டை வீட்டுக்காரியே வந்து நிற்கும்போது விளக்கை அணைத்து வைத்திருப்பது யாருக்கும் எளிதன்று என்பதை இந்த உத்தியை வகுத்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

திரட்டிய பணத்தில் ஏறத்தாழ பாதி கிளையிலேயே தங்கியது. மீதி தலைமையகம் சென்றது. கிளைப் பங்கு நோயாளிகளின் மருத்துவமனைக் கட்டணம், கால்தாங்கி, இரும்பு நுரையீரல் ஆகியவற்றுக்குச் செலவாயிற்று. ஆய்வும் பயிற்சியும் விளம்பரமும் தலைமையகத்தின் பொறுப்பு. 1938 முதல் 1955 வரை நோயாளிகளின் பராமரிப்புக்கு மட்டும் 23.3 கோடி டாலர் செலவிடப்பட்டது. அமெரிக்க இளம்பிள்ளை வாத நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த உதவி எட்டியது. தடுப்பூசியின் புகழில் இந்த எண் மறைந்துபோகிறது. பொதுமக்கள் நினைவில் அறக்கட்டளை ஓர் ஆய்வு அமைப்பு. கணக்குப் புத்தகத்திலோ அது முதலில் ஒரு பராமரிப்பு அமைப்பு.

இனி 1955. ஏப்ரல் 12, ரூஸ்வெல்ட் மறைந்த பத்தாம் ஆண்டு நாள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஃபிரான்சிஸ் களச் சோதனையின் முடிவை அறிவித்தார். முந்தைய ஆண்டு 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற சோதனை அது. அதற்குப் பணம் தந்ததும் ஆள் தந்ததும் அறக்கட்டளையே. அன்றே அரசு உரிமம் வழங்கியது. முடிவு தெரியும் முன்பே ஓ'கானர் 90 லட்சம் டாலருக்குத் தடுப்பூசி வாங்க ஒப்பந்தம் செய்திருந்ததால் ஊசி போடும் பணி உடனே தொடங்கிவிட்டது.

இரண்டு வாரம் கழியவில்லை. கலிஃபோர்னியாவின் கட்டர் ஆய்வகம் தயாரித்த சில தொகுதிகளில் உயிருள்ள வைரஸ் இருந்தது தெரியவந்தது. அதனால் ஏறக்குறைய 200 பேர் வாதத்துக்கு ஆளாயினர். 10 பேர் இறந்தனர். மே மாதத் தொடக்கத்தில் தலைமை மருத்துவ அதிகாரி லியனார்ட் ஷீல் தடுப்பூசித் திட்டம் முழுவதையும் நிறுத்திவைத்தார். அரசு ஆய்வகத்தில் பணிபுரிந்த பெர்னிஸ் எட்டி, கட்டர் மாதிரிகள் குரங்குகளுக்கு வாதம் உண்டாக்கியதை 1954இலேயே கண்டு மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார். அது உரிய கவனம் பெறவில்லை.

வழக்கமான வரலாறு இந்த விபத்தை வெற்றிக் கதையின் நடுவே வந்த ஒரு தடங்கலாகக் கருதித் தாண்டிச் செல்கிறது. என் பார்வையில் அறக்கட்டளையின் நிலையை மாற்றியது ஏப்ரல் வெற்றியைவிட மே மாத நெருக்கடியே. ஒரு தொண்டு அமைப்பால் தடுப்பூசி உருவாக்கத்துக்குப் பணம் தர முடியும்; லட்சக்கணக்கான குழந்தைகளைத் திரட்டிச் சோதனை நடத்த முடியும்; தொழிற்சாலைக்குள் நுழைந்து ஒவ்வொரு தொகுதியையும் சரிபார்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது அரசின் வேலை. கட்டர் விபத்துக்குப் பின் மத்திய அரசு உற்பத்திக் கண்காணிப்பை இறுக்கியது. ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தின் வழி தடுப்பூசிக்காக மாநிலங்களுக்கு 3 கோடி டாலர் ஒதுக்கியது. இத்துறையில் மத்திய அரசு நுழைவதை ஓ'கானர் நெடுங்காலம் எதிர்த்து வந்தவர். அந்த எதிர்ப்புக்கு இனி இடமில்லை. அதே காலத்தில் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆண்டு ஒதுக்கீடு 1955இல் சுமார் 8 கோடி டாலரிலிருந்து 1960இல் சுமார் 40 கோடியாக உயர்ந்தது. நோய் குறைந்தது ஒரு பக்கம். மக்கள் பணத்தில் மருத்துவ ஆய்வை முன்னின்று நடத்தும் தனிப்பெரும் அமைப்பு என்ற இடம் பறிபோனது மறுபக்கம். பின்னதைப் பற்றி ‘இலக்கு நிறைவேறியது’ என்ற விளக்கம் ஒன்றும் சொல்வதில்லை.

1958 ஜூலையில் வந்த அறிவிப்பை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். பெயரிலிருந்து ‘இளம்பிள்ளை வாதம்’ நீக்கப்பட்டு ‘தேசிய அறக்கட்டளை’ ஆயிற்று. பிறவிக் குறைபாடுகள், மூட்டுவாதம், வைரஸ் நோய்கள் எனப் பரப்பு விரிந்தது. மூட்டுவாதத்துக்கென 1948 முதலே தனி அறக்கட்டளை ஒன்று இயங்கி வந்ததால் உரசல் எழுந்தது. சில ஆண்டுகளில் மூட்டுவாதம் பின்னுக்குப் போக, பிறவிக் குறைபாடு நிலைத்தது. அது நிலைத்ததற்குக் காரணம் மருத்துவத் தேவை மட்டுமல்ல. பதாகையில் ஊன்றுகோலுடன் நிற்கும் குழந்தையை வைத்தே இருபது ஆண்டுகள் பணம் திரட்டிப் பழகிய அமைப்பு அது. முதியவரின் வீங்கிய முழங்கால் அந்தப் பதாகைக்குப் பொருந்தாது, குழந்தை பொருந்தும். வாசல் விளக்கைப் பார்த்துக் கதவு தட்டும் தாய்மாருக்கும் பேசுபொருள் மாறவில்லை. 1959இல் வர்ஜீனியா ஆப்கார் புதிய பிரிவின் தலைமைக்கு வந்தார். பிறந்த குழந்தையின் நிலையை ஒரு நிமிடத்தில் மதிப்பிடும் முறையை வகுத்து ஏற்கெனவே புகழ் பெற்றிருந்த அவர், இத்துறைக்கு அறிவியல் மதிப்பைப் பெற்றுத் தந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் வந்தது முடிவு எடுத்த பிறகு.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாகத் தேசியக் காசநோய்ச் சங்கத்தைச் சொல்லலாம். மருந்துகள் 1940களிலும் 1952இலும் வந்துவிட்டபோதும், அது நுரையீரல் சங்கமாகப் பெயர் மாறியது 1973இல்தான். காசநோய் மெல்ல இறங்கியது. சங்கமும் மெல்ல மாறியது. இளம்பிள்ளை வாதமோ 1952இல் 57,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. 1957இல் அது ஆறாயிரத்துக்கும் கீழே வந்தது. ஜனவரி வசூலுக்கு மக்களின் அச்சமே எரிபொருளாக இருந்த அமைப்பால் இருபது ஆண்டுகள் காத்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் இதே சிக்கலின் வேறொரு வடிவத்தைக் காணலாம். 2005 இறுதியில் தொழுநோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அகற்றிவிட்டதாக இந்தியா அறிவித்த பிறகும், வேலூரை அடுத்த கரிகிரியில் 1950களில் தொடங்கிய ஷிஃபெலின் நிறுவனம் தொழுநோயைப் பெயரில் வைத்துக்கொண்டே பொது மருத்துவத்துக்கும் இடம் கொடுத்தது. அங்கு மையமாக இருந்தது மருத்துவமனை. கைகால் உணர்விழந்து புண்ணோடு வரும் பழைய நோயாளி அதன் வாசலுக்கு வந்துகொண்டேதான் இருப்பார். வசூல் இயக்கம் ஒன்றை மையமாகக் கொண்ட அமைப்புக்கு அப்படியொரு வாசல் இல்லை.

சில்ஸின் நூலை இங்கே மறுபடி திறந்து பார்ப்பது பயன் தரும். அறக்கட்டளையே கேட்டுச் செய்வித்த ஆய்வு அது. தன் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வியை அமைப்பே எழுப்பி, தான் பிழைக்கும் என்ற விடையைப் பெற்றது. தொண்டர்களை அவர் வகைப்படுத்தியபோது, தாமோ தம் குடும்பத்தாரோ இந்நோயால் துன்புற்றதால் சேர்ந்தவர்களை ஒரு தனி வகையாக வைத்தார். பிற வகையினருக்கு இலக்கு மாறுவது பெரிய இழப்பன்று. ஊருக்கு நல்லது செய்ய வந்தவர்கள் எந்த நோய்க்காகவும் கதவு தட்டுவார்கள். முதல் வகையினர் நிலை வேறு. அமைப்பு தொடருமா என்று கேட்ட ஆய்வு, யாருக்காகத் தொடரும் என்று கேட்கவில்லை.

நோய் குறைந்ததும் கிளைகளின் பராமரிப்புச் செலவு படிப்படியாகச் சுருக்கப்பட்டது. இரும்பு நுரையீரலையும் வீட்டு உதவியாளரையும் நம்பி வாழ்ந்தவர்கள் உள்ளூர் அரசுகளையும் குடும்பங்களையும் நாட வேண்டியதாயிற்று. அறக்கட்டளை பெயர் மாறிய அதே 1958இல், கிளீவ்லாந்து நகரின் சுவாசச் சிகிச்சைப் பிரிவில் இருந்து வீடு திரும்பியோருக்காக ‘டூமி ஜே கெசட்’ என்ற சிற்றிதழ் தொடங்கியது. ஜினி லாரி அதன் ஆசிரியரானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி எப்படிச் சமைப்பது, எப்படிப் படிப்பைத் தொடர்வது, யாரிடம் எந்த உதவி கேட்பது என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். பதினான்கு வயதில் நோயுற்ற எட் ராபர்ட்ஸ் 1962இல் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து எழுந்த சுயசார்பு வாழ்வு இயக்கம் 1972இல் அந்நகரில் தனக்கென ஒரு மையம் அமைத்தது. 1980களில் பழைய நோயாளிகளுக்குப் புதிதாகத் தசைத் தளர்ச்சி வரத் தொடங்கியபோது மருத்துவர்களைக் கூட்டி மாநாடு நடத்தியவர்களில் ஜினி லாரியே முதன்மையானவர். மார்ச் ஆஃப் டைம்ஸ் அந்தப் பின்விளைவு குறித்து அறிக்கை வெளியிட 2001 ஆயிற்று.