புகையிலைத் தறையில் முந்திரிகை



வைன் பற்றிய உரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். நானும் குடிப்பவன் இல்லை. ஒரு கணக்காளனாக எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம், இதன் பின்னால் இருக்கும் வரவுசெலவுக் கணக்குத்தான்.

கிளேட்டனில் இருந்து வடகிழக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோடினால் கிங் பள்ளத்தாக்கு வரும். விக்டோரியாவின் உயர்ந்த மலைகளில் பிறக்கும் கிங் ஆறு வங்கரற்றாவை நோக்கி இறங்கும் பகுதி இது. பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் மிலாவாவில் ஜோன் பிரான்சிஸ் பிரவுண் என்பவர் 1885 இல் முந்திரிகைக் கொடி நட்டார். (புத்தகத் தமிழில் திராட்சை. எங்கள் வீட்டுப் பந்தலில் அது முந்திரிகைதான்.) பிரவுண் பிரதர்ஸ் என்ற குடும்ப நிறுவனத்தின் தொடக்கம் அது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிலொக்சரா என்ற பூச்சி அவர்களது கொடிகளின் வேரைத் தின்றது. அமெரிக்க முந்திரிகை வேரில் ஒட்டுக்கட்டித் திரும்பவும் நட்டார்கள்.

ஆனால் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் நெடுங்காலம் பணம் தந்த பயிர் புகையிலை. அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். இரண்டாம் உலகப் போரின்போது அவுஸ்திரேலியா ஆயிரக்கணக்கான இத்தாலியரை எதிரிநாட்டார் என்று முகாம்களில் அடைத்தது. அதே அவுஸ்திரேலியா 1951 இல் இத்தாலியுடன் குடிவரவு ஒப்பந்தம் செய்து ஆட்களை அழைத்தது. வந்தவர்களில் பலர் வொடோங்காவுக்குப் பக்கத்தில் இருந்த பொனகில்லா முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். வாக்களித்த வேலை கிடைக்காததால் 1952 இல் அங்கே இத்தாலியர் கிளர்ச்சி செய்தார்கள். முகாமில் வேலையில்லாமல் நாட்களை எண்ணுவது என்னவென்று எங்கள் நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காணி வாங்க வசதியில்லாதவர்கள் பங்குக்குப் புகையிலை செய்தார்கள். வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை போட்ட குடும்பத்தவருக்கு இந்த வேலை தெரியும்: நாற்று மேடை, கன்று நடுகை, நுனி கிள்ளல், இலை முறித்தல். ஒரு வித்தியாசம், எங்கள் ஊரில் பொச்சுமட்டைப் புகை போடுவோம். இங்கே உயரமான கொட்டிலுக்குள் புகை படாமல் சூட்டில் உலர்த்தினார்கள். அந்தக் கொட்டில்கள் சில இன்னும் நிற்கின்றன.

1965 இல் அரசாங்கம் புகையிலைக்குக் கோட்டா முறை கொண்டுவந்தது. கோட்டா உள்ளவருக்கு விலை நிச்சயம். கணக்குப் புத்தகத்தில் அது காணியைப் போல ஒரு சொத்து. ஆனால் காணியைப் போல அது நிலைக்கவில்லை. புகைப்பவர் குறைந்தார்கள், மலிவான வெளிநாட்டு இலை வந்தது, 1990களில் பாதுகாப்பு நீங்கியது. 2006 இல் மிஞ்சியிருந்தவர்களும் நட்டஈடு வாங்கிக்கொண்டு விலக, விக்டோரியாவில் புகையிலைச் செய்கை முடிந்தது.

தப்பியவர்கள் யார்? புகையிலை பணம் தந்துகொண்டிருந்தபோதே கொடி நட்டவர்கள். பிட்சினி குடும்பம் 1978 இலேயே நட்டது. முந்திரிகை நட்டு ஏறக்குறைய மூன்று வருடம் ஒரு சதமும் வராது. கம்பி, தூண், தண்ணீர் எல்லாம் செலவுதான். அந்த வருடங்களைப் புகையிலைக் காசு சுமந்தது. பழத்தை வாங்க அருகில் பிரவுண் பிரதர்ஸ் இருந்ததும் பெரிய உதவி. புகையிலை விழும்வரை காத்திருந்து நட்டிருந்தால் எந்த வங்கி கடன் கொடுத்திருக்கும்?

ஒட்டோ டல் சொட்டோ இத்தாலியின் வல்டொபியாடெனே என்ற மலையூரில் பிறந்து 1967 இல் இங்கு வந்தவர். அவரும் புகையிலைக்காரர்தான். 1987 இல் கொடிக்கு மாறினார். 1999 இல் தன் ஊர் முந்திரிகையான புரோசெக்கோவை அவுஸ்திரேலியாவில் முதன்முதலாக நட்டார். 2004 இல் அந்த வைன் கடைக்கு வந்தது. பிள்ளைகளும் தொழிலில் இறங்கினார்கள், அயல் குடும்பங்களும் அதே கொடியை நட்டன.

2009 இல் இத்தாலி ஒரு காரியம் செய்தது. புரோசெக்கோ என்ற கொடிக்குக் கிளேரா என்று பெயர் சூட்டியது. திரியெஸ்தே நகருக்குப் பக்கத்தில் புரோசெக்கோ என்ற பெயரில் ஒரு கிராமம் இருப்பதால், அது இனி இடப்பெயர், வேறு எவரும் பாவிக்கக் கூடாது என்றது. 2013 இல் அவுஸ்திரேலியாவில் அந்தப் பெயரைப் பதிய ஐரோப்பிய ஒன்றியம் செய்த முயற்சி தோற்றது. 2018 இல் தொடங்கிய வர்த்தகப் பேச்சிலும் அது திரும்பவும் மேசைக்கு வந்தது. ஒட்டோ நட்ட வருடத்தில் அது ஒரு கொடியின் பெயர். சிறுவயதில் தன் ஊரில் அவர் கேட்டுப் பழகிய பெயர்.