இரங்கூன் மல்லி
கடுக்காய், தான்றி, மருது ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டல ஆசியக் கொடி. தாவரவியல் பெயர் காம்பிரீட்டம் இண்டிகம். முன்பு குவிஸ்குவாலிஸ் இண்டிகா. மல்லிகைக்கு உறவில்லை. மாலையில் வெண்மையாக விரியும் பூ, அடுத்தடுத்த நாள்களில் இளஞ்சிவப்பாகிப் பின் நன்றாகச் சிவந்துவிடும். அதனால் ஒரே கொத்தில் மூன்று நிறங்களையும் காணலாம். நீண்ட பூக்குழாயின் அடியிலுள்ள தேனை, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் இரவில் வந்து குடிக்கும். அந்நேரத்து மணமே இக்கொடியின் பெருஞ்சிறப்பு.

வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். பதியன் போட்டோ வேர்ப்பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டோ வளர்க்கலாம்.

வளர்ப்பதைவிட அடக்குவதே பெரிய வேலை. 8 மீட்டர் வரை எளிதில் ஏறும். காட்டில் அதற்கும் மேல். இலை உதிர்ந்தபின் காம்பின் அடிப்பகுதி முள்போல் நின்று, பற்றி ஏற உதவுகிறது. சுமை கூடிக்கொண்டே போவதால் மூங்கில் பந்தல் தாங்காது. இரும்புக்குழாய்ப் பந்தலே தகும். கூரை, மின்கம்பி, இளமரம் ஆகியவற்றின் அருகே நடவே கூடாது. புதுத்தளிரில்தான் பூ வரும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் தயங்காமல் கவாத்து செய்யலாம். மேலே வெட்டினால் மட்டும் கட்டுப்படாது: தூரிலிருந்து தள்ளிக் கிளம்பும் கன்றுகளை வேரோடு களைய வேண்டும். இடம் குறைந்த வீடுகளுக்குப் பெரிய தொட்டியே நல்லது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இது தோட்டம் தாண்டிப் பரவிக் களையாகிவிட்டது.

விதை, சீன மருத்துவத்தில் குடற்புழு நீக்கி; அளவு மிஞ்சினால் விக்கலும் குமட்டலும் வரும்.