தரங்கம்பாடிக்கு அமைதி வந்த கதை

பொறையாறு கடைத்தெருவின் இரைச்சலைத் தாண்டி, 1792இல் கட்டிய வெள்ளை நகரவாயிலுக்குள் நுழைந்ததும் வேறோர் ஊர் தொடங்குகிறது. ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. இருபுறமும் பழைய தேவாலயங்கள், தூண் வைத்த பங்களாக்கள், பூட்டிக் கிடக்கும் பெரிய கதவுகள். வந்து போகிறவர்கள் எல்லோரும் தரங்கம்பாடியின் அமைதியைத்தான் வியந்து பேசுகிறார்கள். அந்த அமைதி இந்த ஊருக்குப் பிறவியிலேயே வாய்த்ததல்ல. ஒரு துறைமுகம் பிழைப்பை இழந்த பிறகு வந்து சேர்ந்தது.

கடலோரத்தில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில், பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306இல் எழுந்தது. அதன் முன்பகுதியை அலை எப்போதோ தின்றுவிட்டது. டென்மார்க்கிலிருந்து கடற்தளபதி ஓவே கெட்டே கப்பலில் வந்தபோது இந்த இடம் தஞ்சை நாயக்கர் ஆட்சியில் இருந்தது. 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கர் அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். மிளகு வாங்க வந்தவர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள்.

இந்த ஊரின் வரலாற்றில் மனத்தை மிகவும் கலக்கும் காலம் அதற்குப் பிறகு வந்தது. ஐரோப்பாவில் போர், அவர்களை அனுப்பிய கம்பெனிக்குக் கடன். 1640களின் தொடக்கத்தில் தாய்நாட்டுக் கப்பல்கள் நின்றுபோயின. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அங்கிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாண்டார்கள், சிலர் ஊரை விட்டே போனார்கள். 1655க்குப் பிறகு மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர் ஒருவர்தான். அவர் கொடியை இறக்கவில்லை. வங்கக் கடலில் கப்பல்களை மறித்துச் சரக்கைப் பிடித்தார், அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், முற்றுகையிட்ட நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். கப்பல்களை மறித்தது கொள்ளைதான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் தாய்நாட்டுக் கப்பல் வராத கடலை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டு, கோட்டையை விடாமல் காத்த அந்த மன உறுதியை மதிக்காமல் இருக்க முடியவில்லை. பிற நாட்டுக் கப்பல்கள் வழியாக அவர் அனுப்பிய கடிதங்கள் கடைசியில் பலித்தன. 1669 மே மாதம் டென்மார்க்கின் கப்பல் வந்து சேர்ந்தது.

1706 ஜூலை 9இல் கிறித்தவ மதபோதகர் சீகன்பால்கு இறங்கியபோது ஊரில் மீண்டும் வணிகம் நடந்துகொண்டிருந்தது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் அவர். சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் வந்தது, 1715இல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1718இல் அவர் காலத்திலேயே எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவர் உடல் அடங்கியிருக்கிறது.

பிறகு கதை வேகமாக முடிகிறது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள சேராம்பூரையும் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. இங்கே பண்டகசாலைகள் காலியாயின. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல்தான் தண்டவாளம் வந்தது. போன வணிகத்தை அது திருப்பிக் கொண்டுவரவில்லை. 1986இல் அந்தத் தடமும் மூடப்பட்டது.

வணிகம் தங்கியிருந்தால் பழைய வீடுகளை இடித்து மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கும். பயணிகள் இன்று ரசிக்கும் வீதியைக் காப்பாற்றியது அந்த வறுமைதான். அண்மைக் காலத்தில் தமிழகத் தொல்லியல் துறையும் டென்மார்க் அமைப்புகளும் கோட்டையையும் பழைய கட்டடங்களையும் புதுப்பித்திருக்கின்றன.

ஆனால் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் கண்டது பாதி ஊரைத்தான். மீனவர் குடியிருப்பில் அமைதிக்கு இடமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அங்கே நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பிழைத்தவர்கள் மீண்டும் கடலுக்குப் போனார்கள். விடிகாலையில் படகுகள் கரை சேரும் நேரம் அந்தப் பக்கம் போனால் வலை இழுக்கும் சத்தமும் மீன் ஏலக் குரல்களும் கேட்கும். கடலை நம்பி வாழும் துறைமுகத் தரங்கம்பாடி அங்கே இன்னும் தொழில் செய்துகொண்டிருக்கிறது.