நெற்றிப்பொட்டுத் தமனியும் பறிபோகும் பார்வையும்

ராட்சத செல் தமனி அழற்சி 50 வயதைக் கடந்தவர்களின் பெரிய, நடுத்தரத் தமனிகளைத் தாக்கும் நோய். தமனிச் சுவர் வீங்கி உள்வழி குறுகுவதால் ரத்த ஓட்டம் தடைபடும். பார்வை நரம்பின் தலைப்பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் பின் சிலியரித் தமனிகள் அடைபட்டால், கண்ணில் வலியின்றித் திடீரெனப் பார்வை போகும்; போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. கையால் தடவி உணரக்கூடிய நெற்றிப்பொட்டுத் தமனியின் வீக்கத்துக்கும் இந்தப் பார்வையிழப்புக்கும் உள்ள தொடர்பு, இருபதாம் நூற்றாண்டில்தான் மருத்துவர்களுக்குத் தெளிவாயிற்று.

பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் பாக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈசா, தலைவலிக்கும் சில கண் நோய்களுக்கும் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய்களை வெட்டியோ சுட்டோ நீக்கும் முறையைத் தம் நூலில் எழுதினார். இந்த நோயின் மிகப் பழைய குறிப்பாக இதைச் சுட்டுவோர் உண்டு. எனினும் அவர் கண்டது இதே நோய்தான் என்று அந்த விவரிப்பை மட்டும் வைத்து அறுதியிட இயலாது.

ஐயத்துக்கு இடமில்லாத முதல் விவரிப்பு 1890இல் லண்டனில் வெளிவந்தது. தலையில் வலிமிக்க சிவந்த கோடுகள் தோன்றியதால் தொப்பி அணிய முடியாமல் தவித்த ஒரு முதியவரை ஜொனாதன் ஹட்சின்சன் பரிசோதித்தார். அந்தக் கோடுகள் வீங்கிய நெற்றிப்பொட்டுத் தமனிகளே. அவற்றில் துடிப்பு மெல்லக் குறைந்து நின்றுபோனது. அதன்பின் அவர் வேறு ரத்தக்குழாய்க் கோளாறின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்ததாக ஹட்சின்சன் குறித்தார். கண்ணுக்கு வரக்கூடிய ஆபத்து அப்போது புலப்படவில்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள மேயோ மருத்துவமனையில் பேயார்ட் ஹார்ட்டனும் உடன் பணியாற்றியோரும் 1932இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினர். நெற்றிப்பொட்டுத் தமனியின் துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, இதைத் தனி நோயாக நிலைநாட்டினர். இந்த நோயால் பார்வை போகும் என்பதை 1938இல் ஜென்னிங்ஸ் பதிவுசெய்தார். பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் மகாதமனி போன்ற பெருங்குழாய்களிலும் தென்படுவதை 1941இல் கில்மர் விவரித்தார். இதனால், நெற்றிப்பொட்டோடு நிற்கும் உள்ளூர்க் கோளாறு என்ற எண்ணம் மாறியது.

சிகிச்சை, மூட்டுவாத ஆய்விலிருந்து வந்தது. 1948இல் பிலிப் ஹென்ச் அதே மேயோ மருத்துவமனையில் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து வியக்கத்தக்க பலன் கண்டார். 1950இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த ஆண்டே தமனி அழற்சிக்கும் கார்ட்டிசோன் பயன்படுத்தப்பட்டது. இழந்த பார்வையை அது பெரும்பாலும் மீட்கவில்லை. ஆனால் மற்றக் கண்ணைக் காத்தது. சிகிச்சையின்றி விட்டால் சில நாள்களிலோ வாரங்களிலோ மற்றக் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதால், இது அவசர நோயாகக் கருதப்படலாயிற்று. தமனித் துண்டின் ஆய்வு முடிவுக்குக் காத்திராமல், ஐயம் எழுந்தவுடனே ஸ்டீராய்டு தொடங்கும் வழக்கம் இதிலிருந்தே வேரூன்றியது.

கண்ணுக்குள் நடப்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே. பின் சிலியரித் தமனிகளின் ரத்த ஓட்டத்தை நெடுங்காலம் ஆராய்ந்த அவர், பார்வை நரம்பின் முன்பகுதிக்கு ரத்தம் குறைவதால் வரும் பாதிப்பை 1970களில் தெளிவாக வரையறுத்தார். சில நொடிகளோ நிமிடங்களோ பார்வை மங்கித் திரும்புவது வரவிருக்கும் இழப்பின் எச்சரிக்கையாக இருக்கலாம். உணவை மெல்லும்போது தாடை வலிப்பது, தலை சீவும்போது உச்சந்தலை நோவது, புதிதாகத் தொடங்கிய தலைவலி ஆகியவை மற்ற அடையாளங்கள்.

நோயறியும் வழிகளும் பெருகின. சிவப்பணு படியும் வேகத்தை அளக்கும் எளிய ரத்தப் பரிசோதனை, 1990இல் அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி வகுத்த ஐந்து அளவுகோல்களில் ஒன்றாயிற்று. வீங்கிய தமனியைச் சுற்றிக் கருவளையம் தெரிவதை 1997இல் ஜெர்மன் மருத்துவர்கள் மீயொலி ஆய்வில் காட்டினர். நீண்டகால ஸ்டீராய்டு எலும்பைத் தேய்த்துச் சர்க்கரையை ஏற்றும் என்பதால் மாற்று மருந்து தேவைப்பட்டது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லியூக்கின்-6 வினையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்துக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது ஸ்டீராய்டின் மொத்த அளவைக் குறைக்க உதவுகிறது. பார்வையைக் காக்கும் முதல் மருந்தாக ஸ்டீராய்டே நீடிக்கிறது.