மால் வீதியில் ஒரு வாரம்

இலண்டன் மாநகரிலே பக்கிங்காம் அரண்மனை வாயிலிலிருந்து திரபல்கார் சதுக்கத்தை நோக்கிச் செல்லும் அகன்ற வீதிக்கு மால் என்று பெயர். முடிசூட்டு விழாவானாலும் அரச திருமணமானாலும் பவனி செல்லும் வீதி அது. அவ்வீதியின் ஓரத்தில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் பழைய மாளிகை வரிசையொன்றில், 1968ஆம் ஆண்டு முதல், சமகாலக் கலைக் கழகம் என்னும் நிறுவனம் இயங்கி வருகின்றது. 1986ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, அக்கழகத்தின் அரங்கில் ஒரு வாரம் இளைஞர் குழுக்கள் கிற்றாரும் முரசும் கொண்டு றொக் இசை நிகழ்த்தின. அக்குழுக்களுட் பல, பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளின் படியை மிதியாதவை.

அந்த ஒரு வார இசை அரண்மனையையோ அரசாங்கத்தையோ அசைத்துவிடவில்லை. ஆயினும் ஆங்கில மொழியிலே ஒரு சொல்லின் பொருள் மாறிப் போனமைக்கு அந்த வாரம் சான்றாக நிற்கின்றது. 'இன்டி' என்பது அச்சொல். சுயாதீனம் எனப் பொருள்படும் 'இன்டிபென்டன்ற்' என்னும் நெடுஞ்சொல்லின் தலைப்பகுதியே அது.

எதனின்றும் சுயாதீனம்? அதை விளங்கிக்கொள்ள ஒரு தசாப்தம் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1970களில் பிரித்தானியாவின் இசைத்தட்டு வணிகத்தில் ஈ.எம்.ஐ., சீ.பீ.எஸ். போன்ற சில பெருங்கம்பனிகளே ஆதிக்கம் செலுத்தின. பாடகரைத் தெரிவு செய்வதும் அவையே. கடைக்குக் கடை தட்டை அனுப்பிவைப்பதும் அவையே. பணம் கொடுத்தால் ஆயிரம் தட்டுக்களை எவரும் அச்சிட்டுக்கொள்ளலாம். அச்சிட்டவற்றை அபர்டீனிலும் பிறிஸ்டலிலும் உள்ள கடைத்தட்டில் வைப்பது எங்ஙனம்? அங்கேதான் வழி அடைபட்டுக் கிடந்தது.

மஞ்செஸ்டர் நகரத்துப் பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர், உற்றாரிடமும் நண்பரிடமும் ஏறக்குறைய 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் நான்கு பாடல்கள் கொண்ட சிறு தட்டொன்றைத் தாமே வெளியிட்டனர். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். விற்றதோ அதனிலும் பன்மடங்கு. எந்தப் பாடலை எத்தனையாம் முயற்சியிற் பதிவு செய்தனர் என்பதையும் உறையிலேயே அச்சிட்டிருந்தனர். மறு ஆண்டில் ஸ்கிரிற்றி பொலிற்றி என்னும் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே சென்று, பதிவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று செலவுக் கணக்கையே உறையில் வெளியிட்டார்கள். வணிகர் மறைத்து வைக்கும் கணக்கை உலகுக்குக் காட்டிய அந்த உறை, பாடலைவிட அதிகமாகப் பேசிற்று எனலாம்.

இனி, வழி. மேற்கு இலண்டனிலே ஜெஃப் ட்ரவிஸ் என்பவர் 1976இல் றஃப் ட்ரேட் என்னும் இசைத்தட்டுக் கடையைத் திறந்தார். ஈராண்டுகளின் பின் அதே பெயரில் இசைத்தட்டு வெளியீடும் தொடங்கிற்று. பின்னர் யோர்க், லிவர்பூல், பிறிஸ்டல், நொரிச், எடின்பரோ முதலிய ஊர்களிலிருந்த ஒத்த கருத்துடைய கடைக்காரரும் வெளியீட்டாளரும் அதனோடு கைகோத்து, தட்டுக்களைத் தமக்குள் பரிமாறி நாடெங்கும் விநியோகிக்கும் அமைப்பொன்றை உண்டாக்கினர். அதற்குக் 'கார்ட்டெல்' என்று பெயரிட்டனர். விலையை உயர்த்துவதற்காகச் சூழ்ச்சி செய்யும் வணிகர் கூட்டத்துக்கு வழங்கும் பெயர் அது. விளையாட்டாகச் சூட்டியது போலும்.

செரி றெட் என்னும் சிறு கம்பனியின் அதிபர் இயன் மக்னேயின் யோசனைப்படி, 1980 ஜனவரியில், சுயாதீன வெளியீடுகளுக்கெனத் தனியான விற்பனை வரிசையொன்று வெளிவரலாயிற்று. அதில் இடம்பெறுவதற்கு விதி ஒன்றே: தட்டு, பெருங்கம்பனிகளின் விநியோக வழியாக வந்திருத்தலாகாது. இசை எத்தகையது, கிற்றார் உண்டா, குரல் இனிதா என்ற கேள்வி அங்கே எழவில்லை. தட்டு வந்த பாதையே 'இன்டி' என்பதற்கு இலக்கணமாயிருந்தது. இதனை மனத்திற் கொள்ளாதவருக்குப் பின்னர் நிகழ்ந்தவை விளங்கா.

வானொலி நேயருக்கு இவ்வரலாற்றில் உரிய பங்கும் ஒன்று உண்டு. பீ.பீ.சீ.யின் முதலாம் வானொலியிலே ஜோன் பீல் என்னும் அறிவிப்பாளர், 1967ஆம் ஆண்டு முதல் 2004இல் மறையும்வரை, பெயர் கேள்விப்படாத குழுக்களின் தட்டுக்களையும் நாடாக்களையும் ஒலிபரப்பி வந்தார். சிற்றூரிலே தன் அறையில் இரவு வானொலிக்குக் காது கொடுத்திருந்த சிறுவன் ஒருவன், தன்னைப் போன்றவரும் பாடலாம் என்று அறிந்தது பெரும்பாலும் அவர் வாயிலாகவே.

நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்னும் இசை வாரப்பத்திரிகை, 1981இல் றஃப் ட்ரேட்டுடன் சேர்ந்து 'சீ 81' என்னும் ஒலிநாடாவை வெளியிட்டது. பத்திரிகையிலிருந்து இரண்டு நறுக்குகளை வெட்டி, ஒன்றரைப் பவுணோடு அனுப்பினால் நாடா தபாலில் வீடு வந்து சேரும். ஐந்தாண்டுகளின் பின், அதே வழியைப் பின்பற்றி, றோய் கார், நீல் டெய்லர், ஏட்ரியன் திறில்ஸ் ஆகிய மூவர் 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்தனர். அதுவே 'சீ 86'. மால் வீதியில் நடந்த அந்த வார நிகழ்ச்சி, இந்த நாடாவைப் பிரபலப்படுத்துவதற்காகவே பத்திரிகையும் கலைக் கழகமும் சேர்ந்து ஒழுங்கு செய்தது. நாடாவில் இடம்பெற்ற குழுக்களுட் பெரும்பாலானவை அவ்வாரத்திற் பங்குபற்றின.

அக்காலத்துப் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. சுரங்கத் தொழிலாளரின் நீண்ட வேலைநிறுத்தம் 1985இல் தோல்வியில் முடிந்திருந்தது. சுயதொழில் தொடங்கும் வேலையற்றோருக்கு அரசாங்கம் வாரம் 40 பவுண் கொடுத்துவந்த திட்டத்தைச் சிறு இசைக் கம்பனிகள் நடத்தியோரும் பயன்படுத்திக்கொண்டனர். தனியார் முயற்சியைப் போற்றிய திருமதி தட்சரின் அரசு, தன்னை வெறுத்த இளைஞரின் பாட்டுக்கு இவ்வாறு படியளந்தது ஒரு வேடிக்கை.

அந்த 22 குழுக்களுள் ஹாஃப் மான் ஹாஃப் பிஸ்கற் என்பது பேர்க்கன்ஹெட் என்னும் துறைமுக ஊரைச் சேர்ந்தது. நாடறிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அவர்களைப் பாட அழைத்தபோது, அன்றிரவு தங்கள் ஊர் உதைபந்தாட்டக் குழுவான திரான்மியர் றோவர்சுக்கு ஆட்டம் உண்டு என்று மறுத்துவிட்டனர். ஹெலிகொப்டர் அனுப்புகின்றோம் என்ற பின்னரும் அவர்கள் இசையவில்லை. சுயாதீனம் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

நாடாவிலுள்ள பாடல்கள் ஒரே தன்மையன அல்ல. பிறைமல் ஸ்கிரீம், பாஸ்டெல்ஸ் போன்ற ஸ்கொத்லாந்துக் குழுக்கள் 1960களின் இன்னிசையை நினைவூட்டும் மெல்லிய பாடல்களை இசைத்தன. றொன் ஜோன்சன் என்னும் சிறு கம்பனியைச் சார்ந்த ஐந்து குழுக்களோ கரடுமுரடான தாளமும் முறிந்த சுருதியும் கொண்டு செவியைச் சோதித்தன. ஆனால் காலம் செல்லச் செல்ல, மென்மையான பாடல்களே 'சீ 86' என்னும் பெயருக்கு உரியனவாயின. முரட்டு இசை மறைந்தது. நாடாவின் பெயர் ஒரு பாணியின் பெயராயிற்று. 'இன்டி' என்ற சொல்லும் அதனோடு சேர்ந்து, பாதையைக் குறிப்பதை விடுத்து ஒலியைக் குறிக்கலாயிற்று. அதே வேளையில், அமெரிக்கக் கறுப்பின இளைஞரின் ஹிப் ஹொப் இசைக்கே முதலிடம் வேண்டும் என்று அதே பத்திரிகையின் அலுவலகத்திலே ஒரு சாரார் வாதாடிக்கொண்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

சொல் ஒலியைக் குறிக்கத் தொடங்கியபின் அதனை விலைக்கு வாங்குவது எளிது. பெருங்கம்பனிகள் சிறு கம்பனி போலத் தோன்றும் பெயர்களில் தட்டுக்களை வெளியிட்டன. ட்ரவிஸ் தாமே கிறிசலிஸ் கம்பனியின் துணையோடு புளூ கிற்றார் என்னும் பெயரில் அவ்வாறு செய்தார்; நாடாவிலிருந்த இரு குழுக்கள் அதிற் சேர்ந்தன. றஃப் ட்ரேட்டின் பெருஞ்செல்வமாயிருந்த ஸ்மித்ஸ் குழு 1986இலேயே ஈ.எம்.ஐ.யுடன் ஒப்பந்தம் செய்தது. மறுபுறம் 1988இல், அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நடிகை கைலி மினோக்கின் ஜனரஞ்சகப் பாடல்கள் சுயாதீன வரிசையின் மேலிடங்களைப் பிடித்தன. கிற்றார் இளைஞர் முகஞ்சுளித்தனர். ஆயின் அவர் தட்டுக்கள் சுயாதீனப் பாதையிலே வந்தவை. விதிப்படி அவரே 'இன்டி'!

பாதைதான் நிலைக்கவில்லை. றஃப் ட்ரேட்டின் விநியோகப் பிரிவு அளவுக்கு மீறி வளர்ந்து, கடனில் மூழ்கி, 1991இல் வீழ்ந்தது. தட்டு விற்ற பணம் கைக்கு வராமற் சிறு கம்பனிகள் பல தவித்தன. பிறைமல் ஸ்கிரீமை வளர்த்த கிறியேஷன் கம்பனி, மறு ஆண்டில் தன்னிற் பாதியளவைச் சோனிக்கு விற்றது. அதே 1992இல் லீட்ஸ் நகரத்து வெடிங் பிறெசென்ற் குழு, மாதம் ஒரு தட்டாகப் பன்னிரண்டு தட்டுக்களை வெளியிட்டு, பன்னிரண்டையும் நாட்டின் முதல் நாற்பது பாடல்களுக்குள் ஏற்றியது. வெளியிட்ட கம்பனி ஆர்.சீ.ஏ.

'சீ 86' நாடா 2014இல் மேலும் பல பாடல்களைச் சேர்த்து மூன்று தட்டுக்களாக மீண்டும் வெளிவந்தது. வெளியிட்டது செரி றெட். 1980இல் சுயாதீன வரிசைக்கு யோசனை கூறிய மக்னேயின் கம்பனி.