பவுன்சரும் பாயும்

பெங்களூர் கடைகளில் 'குழந்தையோடு வளரும்' பவுன்சர் இருக்கை கேட்பவர்களுக்காக ஒரு சின்ன சரித்திரம்.

1961-ல் ஸ்வீடனில் பியோர்ன் யாகோப்சன் பவுன்சர் விற்க ஆரம்பித்தார். 1972-ல் நார்வேயின் பீட்டர் ஓப்ஸ்விக், பலகைகளை ஏற்றி இறக்கி வயதுக்கேற்ப மாற்றும் 'டிரிப் டிராப்' நாற்காலியை வடிவமைத்தார். வளரும் இருக்கைக்கு அதுதான் முன்னோடி.

நம் கணக்கு இன்னும் பழசு. 12-ம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழிலேயே வளர்ச்சி பருவம் பருவமாக இருக்கிறது. செங்கீரை ஐந்தாம் மாதம்: கையூன்றித் தலைநிமிர்ந்து ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: உட்கார்ந்து கைதட்டுவது. இரண்டுக்கும் வேண்டியது தரை.

ஆகவே, சப்பாணிக்குப் பிறகு சாதாரண நாற்காலியாக மாறுமா என்று பார்த்து வாங்குங்கள். சாய்வில் வைப்பது விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் மட்டும். தூங்க விடாதீர்கள்; தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சு அடைபடும். மீதி நேரத்துக்குப் பாய் போதும். அது எல்லாப் பருவத்துக்கும் ஆகும்!